கடிதத்தில் நான் எழுதாத சொல்

மருத்துவப் படிப்பை முடித்ததும் நான் பார்த்த முதல் வேலையைப் பற்றி என் பயோடேட்டாவில் ஒரு வரி கூட இருக்காது. யாராவது கேட்டால், "அப்போ மேற்படிப்புக்குத் தயார் பண்ணிட்டிருந்தேன்" என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அதே ஒன்றரை வருடமும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கும் ஒரு தொழிற்சாலையில், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நான்தான் டாக்டர்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைக் கல்லூரியிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வீட்டில் நெல் விவசாயம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கல்லூரியில் முதல் மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. முதல் வாய்மொழித் தேர்வில், கையிலிருக்கும் ஒரு நரம்பின் பாதையைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வரவில்லை. "தமிழ்லயாவது சொல்லும்மா" என்றார் ஆசிரியர். பின்னால் சிலர் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தமிழும் வரவில்லை.

அன்றைக்கு விடுதிக்குப் போய் அழுதேன். பிறகு மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். எந்த நோயைக் கேட்டாலும் காரணங்களை வரிசையாக, மூச்சு விடாமல் சொல்லுமளவுக்குப் படித்தேன். கடைசி வருடம் வரும்போது, அன்று சிரித்தவர்களே என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். இறுதித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மணிக்கட்டு தொங்கிப்போவதற்கு என்னென்ன காரணம் என்று கேட்டார். எட்டுக் காரணம் சொன்னேன். ஐந்தாவது ஈய நஞ்சு.

"அதை எப்படிக் கண்டுபிடிப்ப?"

"உதட்டை இழுத்து ஈறைப் பார்க்கணும் சார். பல்லும் ஈறும் சேர்ற இடத்துல நீலமா ஒரு கோடு இருக்கும்."

"பார்த்திருக்கியா?"

"இல்ல சார்."

"இனிமே எங்க பார்க்கப் போற. அதெல்லாம் புஸ்தகத்தோட சரி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மதிப்பெண் போட்டார்.

அதற்கடுத்த வருடம் பயிற்சி மருத்துவராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது வேகம். புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரை நிற்கும். நோயாளி உட்காரும் முன்பே மாத்திரைச் சீட்டில் பேனா ஓடிவிடும். ஆளுக்கு இரண்டு நிமிடம். வயிற்று வலி என்றால் இந்த மாத்திரை, கை கால் வலி என்றால் அந்த மாத்திரை. என் வரிசை எப்போதும் முதலில் தீர்ந்துவிடும். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் முதல் தடவை எனக்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே மறுபடி படிக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். அப்போதுதான் அந்தத் தொழிற்சாலையில் டாக்டர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அரை நாள் வேலை, தினமும் பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள், மீதி நேரம் உட்கார்ந்து படிக்கலாம். ஸ்கூட்டியில் அரை மணி நேரம். வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

மனிதவளப் பிரிவு மேலாளர் என்னைச் சுற்றிக் காட்டினார். நைனாவின் வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அந்தப் பட்டியல் தயாராக இருக்கும், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். "காண்ட்ராக்ட் ஆளுங்க வந்தா முதலுதவி மட்டும் பாருங்க மேடம். அவங்க நம்ம லிஸ்ட்ல வர மாட்டாங்க." சரி என்றேன். ஏன் வர மாட்டார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு வயது குறைவு. பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். புருஷன் ஏரியில் படகு ஓட்டுகிறவன். பிடிப்பு குறைந்துபோனதால் இவள் வேலைக்கு வந்திருந்தாள். காண்ட்ராக்டரின் வேன் விடிந்ததும் போய் அந்தப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். பேட்டரி உடைக்கிற ஷெட்டில் கூட்டிப் பெருக்குவதும், சிதறிய தகடுகளைப் பொறுக்கிப் போடுவதும் அவளுக்கு வேலை. மூக்கையும் வாயையும் முந்தானையால் சுற்றிக்கொள்வாள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

முதல் தடவை வயிற்று வலி என்று வந்தாள்.

"இன்னான்னே தெரியல டாக்டரம்மா. வவுத்த முறுக்கிப் புடிச்சி இஸ்துகினு போவுது."

"காலையில சாப்டியா?"

"எங்கம்மா சாப்புட்றது? வேனு ஆறு மணிக்கே வந்து ஆரன் அடிக்குது. நாஷ்டாவெல்லாம் இங்க வந்துதான், பத்து மணிக்கு."

"அதான் காரணம். வெறும் வயித்துல இருக்காத. கேஸ்தான் இது" என்று மாத்திரை கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மேசையில் கைபேசி திறந்திருந்தது, பாதி முடித்த கேள்வித்தாளோடு.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்தாள். பிறகும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் வலி கொஞ்சம் அதிகம், மலச்சிக்கல், வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறது என்பாள். நான் மாத்திரையை மாற்றினேன், சத்து மாத்திரை சேர்த்தேன். அவளுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. அங்கே அவளைப் பேர் சொல்லி, உட்கார் என்று சொல்கிற ஆள் நான் ஒருத்தி என்பதால் இருக்கலாம். ஒரு நாள் வாழை இலையில் சுற்றி இறால் கொண்டுவந்து வைத்தாள். "எங்க ஊட்டுக்காரு புடிச்சது. உரிச்சி, கழுவி எத்துகினு வந்துட்டேன். நீங்க அப்படியே போட்டு ஆக்க வேண்டியதுதான்." அம்மா அன்றைக்கு அதைத் தொக்கு வைத்தாள். நைனா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு வாரம் வேலைக்கு வராமல் இருந்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "மூணு மாசம் நின்னிருந்துச்சு டாக்டரம்மா. யாராண்டையும் சொல்லல. கலைஞ்சி போச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். "உனக்கு வயசு இருக்கு, கவலப்படாத" என்றேன். உண்மையான அன்போடுதான் சொன்னேன். வயிற்று வலி, ரத்தக் குறைவு, வாயில் உலோகச் சுவை, கலைந்த கரு. இந்த நான்கையும் தாளில் எழுதிக் கொடுத்துக் கேட்டிருந்தால் அரை நொடியில் பதில் சொல்லியிருப்பேன். ஈயம் உருக்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஒரு பெண் சொன்னபோது எனக்குத் தெரியவில்லை. அவள் உதட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கலாம். கண்ணுக்கும் உதட்டுக்கும் எவ்வளவு தூரம்?

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருக்கும். மற்றவர்களெல்லாம் போகும் வரை காத்திருந்து உள்ளே வந்தாள். "வவுறு இல்லம்மா இன்னிக்கு. கையிதான் பேஜாரு பண்ணுது. டம்ளர் தூக்கசொல்ல நழுவி நழுவி உழுது. கைய அடில வச்சிப் படுத்துட்டேன் போலகீது."

"ரெண்டு கையும் நீட்டு."

நீட்டினாள். இடது கை நேராக நின்றது. வலது கை மணிக்கட்டிலிருந்து வாடின கீரைத் தண்டு போலத் தொங்கியது. "தூக்கு" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தாள். விரல்கள் லேசாக அசைந்தன. அவ்வளவுதான்.

நான் எழுந்துபோய் அவள் கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். பல்வரிசைக்கு அடியில், ஈறின் ஓரமாக, யாரோ பென்சிலால் இழுத்துவிட்ட மாதிரி கருநீலக் கோடு இருந்தது.

"இன்னாம்மா கீது வாயில?" என்று கேட்டாள். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். உடனே ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அந்த ஷெட்டில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா அந்தப் பொண்ணு நம்ம ஆள் இல்ல, காண்ட்ராக்டரோட ஆளு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க, நல்லா பார்ப்பாங்க. லெட்டர்ல மட்டும் ஈயம் கீயம்னு நீங்களா எழுதாதீங்க. டெஸ்ட் எடுக்காம எப்படி எழுதுவீங்க? கையில பலம் இல்ல, பரிசோதிக்கவும்னு போடுங்க. அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க." காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தானே இருக்கு? நல்லா படிங்க மேடம்" என்றார்.

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும். காபியைக் குடித்துவிட்டு என் அறைக்கு வந்தேன். சோதனை செய்யாமல் எழுதக்கூடாது என்பது ஒரு விதத்தில் சரிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த நேரத்தில் விசாரணை, இன்ஸ்பெக்டர் என்று எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் நினைத்தேன். கடிதத்தில் எழுதினேன்: வலது மணிக்கட்டில் பலவீனம், தயவுசெய்து பரிசோதிக்கவும். வேலை செய்யும் இடத்தின் பெயர் அச்சடித்த தாளில் எழுதாமல் வெள்ளைத் தாளில் எழுதினேன். ஈயம் என்ற ஒரு சொல்லை எழுதவில்லை.

"சென்னைக்கே போ. நான் படிச்ச ஆஸ்பத்திரி இது" என்று பெயரைச் சொன்னேன். "பேட்டரி கம்பெனியில வேலை செய்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லு. மறக்காத."

"சரிம்மா" என்று கடிதத்தை இடது கையால் வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் வரவில்லை. சிகிச்சையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். படிப்பு மும்முரத்தில் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. பிறகு கையில் வெட்டுக்காயத்தோடு வந்த அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தியிடம் விசாரித்தேன். "அந்தப் பொண்ணா? அத அப்பவே காண்ட்ராக்டரு நிறுத்திட்டாரேம்மா. கை வராதவளுக்கு இன்னா வேலன்னு கேட்டாரு. ஊட்லதான் கீது. இப்ப ரெண்டு கையும் வர்றதில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவோடு பழவேற்காட்டுக்குப் போனேன். தனியாக வண்டி ஓட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுப் பெண் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "தோ பாரு, எங்க டாக்டரம்மா!" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அவள் புருஷன் உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தான். சென்னைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க ஆகிவிடும் என்று பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, கைக்குக் கட்டுப் போட ஒரு பட்டையும், நரம்புக்கு வைட்டமின் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வரிசையும் மரத்தடி வரை நின்றிருக்கும்.

"பேட்டரி கம்பெனின்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லக்குள்ளயே அவரு லெட்டரப் படிச்சி எழுத ஆரம்பிச்சிட்டாரும்மா" என்றான் அவன். "அதுல இன்னா எழுதிகீதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க குடுத்தத காட்டனோம்."

நைனா என்னைப் பார்த்தார். விடிந்ததும் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை பொன்னேரியில் ரயிலேறி நானே அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். வார்டில் இருந்த உதவிப் பேராசிரியர் எனக்குப் பாடம் எடுத்தவர். நான் வாய் திறந்து ஈயம் என்று சொன்னதும் அவர் ஈறைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், அன்றைக்கே ரத்தம் எடுக்க அனுப்பினார். முடிவு வந்தபோது எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பட்ட மேற்படிப்பு மாணவர்களைக் கூப்பிட்டு அவள் படுக்கையைச் சுற்றி நிற்க வைத்தார்.

"ஒரு வருஷமா வயித்து வலி. எவனாவது ஒரு டாக்டர் வாயைத் திறந்து பார்த்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். பிறகு என் பக்கம் கை காட்டி, "இவ நம்ம காலேஜ்தான். இவதான் கண்டுபிடிச்சு, கையோட கூட்டிட்டு வந்திருக்கா. நீங்கள்லாம் இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். ஒரு மாணவர் ஈறைப் படம் எடுக்க அனுமதி கேட்டார். அவள் தானே உதட்டை இழுத்துக் காட்ட முயன்று, கை எழாமல், என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அவள் உதட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்த டாக்டர் நான்தான் சார் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் சொல்லவில்லை. படம் எடுத்து முடித்தார்கள்.

மூன்று வாரம் மருந்து ஏற்றினார்கள். வயிற்று வலி முதலில் போனது. இடது கை திரும்பி வந்தது. வலது கை கொஞ்சம் வந்தது.

அந்த மாதமே வேலையை விட்டேன். அனுபவச் சான்றிதழில் மேலாளர் என் கடமையுணர்ச்சியைப் பாராட்டியிருந்தார். எனக்கு அடுத்து வரப்போகிற டாக்டரிடம் எதுவும் சொல்லாமல் வந்தேன். வேனில் வந்த மற்றப் பெண்களுக்காக, தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் தடவை ஈயம் என்ற சொல் இருந்தது, என் கையெழுத்து இல்லை. கையெழுத்தில்லாத கடிதத்தை யார் பொருட்படுத்தினார்களோ தெரியாது.

எனக்கு மேற்படிப்பு கிடைத்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். யார் வந்தாலும் என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே, எத்தனை வருடமாக என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பேன். என் வரிசைதான் கடைசியாக முடியும். இதைப் பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் பொன்னேரி மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். உண்மையில் அவள்தான் என்னைப் பார்த்தாள். "டாக்டரம்மாதானே?" மடவை மீன் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"கை எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா. கூடை தூக்கசொல்ல மட்டும் மக்கர் பண்ணும். மத்தபடி ஒண்ணியும் இல்ல."

அன்றைக்குச் சொல்லாததை அங்கே சொன்னேன். நான் கொடுத்த கடிதத்தில் ஈயம் என்று எழுதியிருந்தால் பக்கத்து ஊர் டாக்டருக்கே தெரிந்திருக்கும், எழுதக்கூடாது என்று சொன்னார்கள், நானும் எழுதவில்லை என்றேன். அவள் மீன்மேல் தண்ணீர் தெளித்தபடி கேட்டாள்.

"பெரியாஸ்பத்திரில அந்தச் சாரு உங்கள மெச்சிக்கினு இருக்கசொல்லயே உங்க மூஞ்சப் பாத்தேன்" என்றாள். "ஏதோ கீதுன்னு தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு உட்டுட்டேன்."

மறுபடி தண்ணீர் தெளித்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கணும்" என்றாள். "எனக்குக் கலைஞ்சுதே, அதுவும் அந்த ஈயத்தாலதானா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா அதாலதான் இருக்கும்."

தண்ணீர் தெளித்த கை நின்றது.

"தண்ணிக் கொடம் தூக்கனதாலதான்னு எம் மாமியா சொல்லிச்சு. சாவுற வரைக்கும் அத்தச் சொல்லிக்கினே இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரு வாயத் தொறந்து சொல்லல, அவ்ளோதான். அப்பால எனக்கு வவுத்துல ஒண்ணும் நிக்கவே இல்ல. நானும் எம்மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு கீறேன், இத்தினி வருசமா." அவள் குரல் உயரவில்லை. "கையி போனா போவுது, உடும்மா. இத்த அன்னிக்கே வந்து ஒரு வார்த்த எங்க ஊட்ல சொல்லியிருக்கலாம் இல்ல?"

அப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஒருவர் வந்து மீனைப் புரட்டிப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, எந்தக் கூறு வேண்டும் என்று கேட்டாள். வலது கையால் மீனை அள்ளி, இடது கையால் தாங்கிப் பையில் போட்டாள். அவர் போனதும் இன்னொருவர் வந்தார். நான் ஓரமாக நின்று காத்திருந்தேன். கூட்டம் குறைந்த பிறகும் அவள் என் பக்கம் பார்க்கவில்லை.